சார்பற்றவர்

நன்மாறனின் முகத்துக்குக் கீழே அந்த வரி வந்து உட்கார்ந்தபோது காலை மணி பத்தே கால். ஏந்தல்பட்டினம் பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த மின்தாள் சுவரொட்டியில் அவர் கையை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். நேற்றுவரை வெள்ளையாகக் கிடந்த அடிப்பட்டை, அவர் டீக் கிளாஸை வாயில் வைக்கிற நேரம் பார்த்து லேசாக நடுங்கி எழுத்துகளால் நிரம்பியது. 'இஸ்லாமியச் சார்பு வேட்பாளர். அளவு: உயர்வு.'

டீ புரையேறியது. சட்டையெல்லாம் டீ.

"என்ன தோழரே, சொல்லவே இல்ல? தொப்பி எங்க?" என்றார் டீக்கடைக்காரர். பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். முப்பத்தெட்டு வருஷமாகப் பகுத்தறிவு முன்னணியின் கொடியைத் தோளில் சுமந்தவர், கோயில் வாசலில் நிழலுக்குக்கூட ஒதுங்காதவர், அறுபத்தொரு வயதில்தான் முதல்முறையாக சீட்டு வாங்கியவர். அவருக்கு வந்த பட்டையைப் பாருங்கள்! சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

துலாக்கோலைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் வேட்பாளர்களுக்குத் தங்கள் இஷ்டத்துக்கு அடைமொழி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோயிலுக்குப் போனால் 'ஆன்மிகச் செம்மல்', இன்னொருவர் தொழப் போனால் 'மத அடிப்படைவாதி', மூன்றாமவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனால் 'சிறுபான்மை முகம்'. இந்த அநியாயத்தைக் கேட்க ஆளில்லையா என்று தெருவில் இறங்கியவர்களில் முதல் வரிசையில் நின்றது பகுத்தறிவு முன்னணிதான். நன்மாறன் அதற்காக நாலு நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தார். கடைசியில் சட்டம் வந்தது. துலாக்கோல் என்ற, மனிதக் கை படாத இயந்திரம் வேட்பாளரின் பதிவேடு, படம், குரல் எல்லாவற்றையும் படித்து எல்லோருக்கும் ஒரே முறையில் ஒரு பட்டை போடும். ஊடகங்கள் அதைத் தவிர வேறு அடைமொழி சொல்லக்கூடாது, அதைச் சொல்லாமல் பேரையும் சொல்லக்கூடாது. சட்டம் நிறைவேறிய நாளன்று நன்மாறன் இந்தப் பேருந்து நிலையத்தில்தான் லட்டு கொடுத்தார்.

மதியத்துக்குள் தலைமையிலிருந்து சம்யுக்தா வந்து இறங்கிவிட்டாள். கட்சியின் பட்டைப் பொறுப்பாளர். வேட்பாளர்களின் பட்டையைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் வேலை. முப்பத்திரண்டு வயது, கையில் ஒரு கணினி, முகத்தில் சிரிப்பென்பதே கிடையாது.

"தோழர், உட்காருங்க. எந்த மதமா இருந்தாலும் நமக்கு அவமானம்தான். சைவச் சார்புன்னு வந்திருந்தாலும் இதே கதிதான்" என்றாள். "நம்ம கட்சி வேட்பாளர் எல்லாருக்கும் 'சார்பற்றவர்'னு வந்திருக்கு. உங்களுக்கு மட்டும்தான் இப்படி."

"நான் எந்த சாமியையும் கும்பிட்டவன் இல்லம்மா."

"நீங்க சொல்றத அது கேக்காது. தானா பாத்து முடிவு பண்ணிக்கும். வாக்குப்பதிவுக்கு அஞ்சு நாள் முன்னாடி பட்டை உறைஞ்சிடும், அதுக்கப்புறம் யாராலயும் மாத்த முடியாது. நமக்கு இருபத்திரண்டு நாள் இருக்கு. மாறலன்னா தலைமை உங்களக் கைவிட்டுடும், பட்டவர்த்தனமா சொல்லிட்டாங்க. சுயேச்சையா நின்னுக்கோங்கன்னு அறிக்கை ரெடியா இருக்கு."

முப்பத்தெட்டு வருஷம். சுவருக்கு வெள்ளையடித்தது, ஒலிபெருக்கி கட்டியது, அடி வாங்கியது, நேற்று வந்தவனெல்லாம் வேட்பாளராகி மாலை போட்டுக்கொண்டதைக் கீழே நின்று கை தட்டிப் பார்த்தது. இந்த ஒரு தடவையை விட்டால் இனி நன்மாறனுக்குத் தேர்தல் கிடையாது.

சம்யுக்தா ஆட்சேப மனுவைத் திறந்து நீட்டினாள். ஒரே பக்கம். பேர், ஊர், தொழில், மதம், துணைவர் பேர், துணைவரின் மதம். கட்சிக்காரர்கள் மதக் கட்டத்தை நிரப்புவதில்லை. பள்ளிச் சேர்க்கை, ரேஷன் அட்டை, மக்கள்தொகைக் கணக்கு எதுவானாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது அவர்களுடைய வழக்கம், பெருமை. புதிதாகச் சேரும் உறுப்பினருக்கு முதலில் சொல்லித்தருவதே அதைத்தான். நன்மாறன் பேனாவை எடுத்து இரண்டு மதக் கட்டங்களையும் தாண்டி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"இத்தன நெருக்கடியிலயும் கட்டத்தக் காலியா விட்டீங்க பாருங்க, அதுதான் தோழர் கொள்கை" என்றாள் சம்யுக்தா. அந்த வார்த்தை அவருக்கு இதமாக இருந்தது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான். வைத்தியலிங்கமாக இருந்தவர் நன்மாறன் ஆகியிருந்தார். மரைக்காயர் வீட்டு ஷம்சுன்னிசா, கட்டிய புடவையோடு வந்து எழில்நங்கை ஆனாள். சீர்திருத்தத் திருமணம். மேடையில் பதிவேட்டை வைத்து, மதக் கட்டத்தை இருவரும் காலியாக விட்டபோது கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பெண் வீட்டில் அன்றைக்கே தலைமுழுகிவிட்டார்கள். அண்ணன் காசிம் மரைக்காயர் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. அவளுக்கு இவர், இவருக்குக் கட்சி என்று ஓடிய வாழ்க்கை.

ஐந்து வருஷத்துக்கு முன் எழில்நங்கையைப் பக்கவாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு போனது. சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். பட்டினியில் போய்விடுவாள் என்று மருத்துவர்கள் கையை விரித்த ஒரு சாயங்காலம், சக்கர நாற்காலியில் அவளைக் கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தார் நன்மாறன். பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவள் வாய் தானாகத் திறந்தது. குஞ்சு வாயைத் திறக்குமே, அப்படி.

அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பள்ளிவாசல் வாசலில் ஜனம் நிற்கும். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்ட தாய்மார்கள், செம்பில் தண்ணீர் வைத்திருக்கும் கிழவர்கள். பொட்டு வைத்தவர்களும் நிற்பார்கள், சிலுவை போட்டவர்களும் நிற்பார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஆளாளுக்கு ஓதி அந்தத் தண்ணீரிலும் பிள்ளை முகத்திலும் ஊதிவிட்டுப் போவார்கள். அன்றிலிருந்து நன்மாறனும் செம்போடு நின்றார். கண்ணை மூட மாட்டார், கும்பிட மாட்டார், சும்மா நிற்பார். பாங்கு தொடங்கியதும் அவள் வாய் திறக்கும். தொழுகை முடிகிறவரை திறந்தபடியே இருக்கும். ஊதிய தண்ணீரை இரண்டு மடக்கு குடித்த பிறகு, அங்கேயே வைத்து அவர் கொடுக்கும் கஞ்சியைக் குடிப்பாள். வீட்டுக்கு வந்து இரவுச் சோறும் சாப்பிடுவாள். அதுதான் ஒரு நாளைக்கு அவளுக்குள் போகும் ஆகாரம்.

ஊதிவிட்டுப் போகிறவர்களில் கடைசியாக வருவது காசிம் மரைக்காயர். நன்மாறனின் முகத்தைப் பார்க்க மாட்டார். குனிந்து செம்பில் ஊதிவிட்டு, தங்கச்சியின் நெற்றியிலும் ஊதிவிட்டு நகர்ந்துவிடுவார். அப்போது மட்டும் அவள் தொண்டையிலிருந்து "கா... கா..." என்று ஒரு சத்தம் வரும். அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மனு கொடுத்த அன்றும் நன்மாறன் அங்கேதான் நின்றார். எதிர்க்கட்சி வேட்பாளரின் மகள்கூடக் கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றாள். பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்தாள். அவளுடைய அப்பாவின் சுவரொட்டி எதிர்ச்சுவரில்தான் இருந்தது. 'சைவப் பற்று. அளவு: மிதம்' என்று அது பாட்டுக்கு இருந்தது. நன்மாறன் அதைப் பார்த்தார், அவ்வளவுதான். அதைப் பற்றி யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் துலாக்கோலிடமிருந்து பதில் வந்தது. ஒரே சொல். 'மாற்றமில்லை.' காரணம் சொல்கிற வழக்கம் அதற்குக் கிடையாது.

சம்யுக்தா கணினியைத் திருப்பிக் காட்டினாள். தெருக் கேமராவில் பதிவான படம். பள்ளிவாசல் வாசல், சக்கர நாற்காலி, செம்பு, நன்மாறன். அடுத்த படத்திலும் அதே. அதற்கடுத்ததிலும். சட்டை மட்டும் மாறியது.

"ஆயிரத்து எழுநூறு சாயங்காலம் தோழர்! இத வெச்சிக்கிட்டா நான் எந்த சாமியையும் கும்பிட்டவன் இல்லன்னு சொன்னீங்க?"

"நான் கும்பிடலையே. என் பொண்டாட்டி சாப்பிடணும்னு நிக்கிறேன்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மெஷினுக்குக் காலு எங்க நிக்குதுன்னு மட்டும்தான் தெரியும்."

"இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"பத்தொம்பது நாள் போகாதீங்க. அம்மாவும் போகக்கூடாது. பாங்கு சத்தம் வீட்டுல கேக்காத மாதிரி ஜன்னல மூடுங்க, போன்ல பதிவாயிடும். பத்தொம்பது நாள்தான் தோழர். ஜெயிச்சப்புறம் தினமும் கூட்டிட்டுப் போங்க, யாரு கேக்கப் போறா?"

நன்மாறன் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பத்தொன்பது நாள் என்ன பெரிய காலம் என்று மனசு பேச ஆரம்பித்துவிட்டது. அவளுக்குத்தான் நாள் கிழமை தெரியாதே, டியூப் போட்டுக்கூடச் சாப்பாடு கொடுக்கலாமே, எனக்காக வீட்டையே விட்டு வந்தவள் இதைப் பொறுக்கமாட்டாளா என்றெல்லாம் பேசியது. ஆசை பிடித்த மனசுக்கு நியாயம் சொல்லச் சொல்லித்தரவா வேண்டும்?

"சரி" என்றார்.

முதல் நாள் ஆறரை மணிக்கு எழில்நங்கை வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. நல்ல கையால் நாற்காலிச் சக்கரத்தைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலை சோற்றைப் பிசைந்து கொண்டுபோனபோது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வாயத் தொறக்க மாட்டேங்குறாங்கய்யா. ஒரு எட்டு கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள் அஞ்சலை.

"புண்ணியம் கிண்ணியம்னு இந்த வீட்டுக்குள்ள பேசாத" என்று எரிந்து விழுந்தார் நன்மாறன். பிரச்சாரத்துக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாம் நாள் அவரே ஒரு வழி செய்து பார்த்தார். செம்பில் தண்ணீர் எடுத்துவந்து, அவள் எதிரில் குந்தி, அவர்களைப் போலவே குனிந்து ஊதினார். முணுமுணுக்க ஏதாவது வேண்டுமே! அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது கட்சியின் உறுதிமொழி ஒன்றுதான். 'பிறப்பால் வரும் பேதம் எதையும் ஏற்க மாட்டேன்' என்று தொடங்கி ஐந்து வரியையும் மெல்லச் சொல்லிச் செம்பில் ஊதினார். எழில்நங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் அவள் உதடு அசைந்த மாதிரி இருந்தது. அப்புறம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அஞ்சலை அடுப்படிக்குள் போய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளோ அழுதாளோ, அவர் போய்ப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மாலை வாசலில் காசிம் மரைக்காயர் நின்றார். எழுபது வயது, கையில் மூடி போட்ட செம்பு. முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வாசலுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

"மச்சான், தங்கச்சிய அஞ்சு நாளாக் காணோம்" என்றார். "உடம்புக்கு என்ன? ஓதின தண்ணி எடுத்தாந்திருக்கேன். உள்ள வர மாட்டேன். இங்க நின்னே குடுத்துட்டுப் போயிர்றேன்."

நன்மாறன் முதலில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தெருக்கோடிக் கம்பத்திலிருந்த கேமராவைத்தான் பார்த்தார். அது இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"போங்க மரைக்காயரே. இப்ப வேணாம்."

"ரெண்டு மடக்குதான் மச்சான்."

"தேர்தல் முடியட்டும்னு சொல்றேன்ல? என் பொழப்பக் கெடுக்கணும்னே வந்தீங்களா? போங்க!"

சத்தமாகவே சொன்னார், குரலும் பதிவாகட்டும் என்று. உள்ளேயிருந்து "கா... கா..." என்று கேட்டது. கிழவர் எட்டிப் பார்த்தார். நன்மாறன் கதவைச் சாத்தினார். வெகு நேரம் கழித்து அஞ்சலை திறந்து பார்த்தபோது, செம்பு மட்டும் படியில் இருந்தது. அதிலிருந்த தண்ணீரையும் நன்மாறன் கொட்டிவிடச் சொன்னார்.

அன்று கஞ்சியை அவரே ஊட்டினார். ஊட்டினார் என்று சொல்வது மரியாதைக்கு. கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி, வாயைப் பிளந்து ஊற்றினார். "எனக்காகச் சாப்பிடு எழிலு, இன்னும் பதினாலே நாளு, என் கண்ணுல்ல" என்று அழுதுகொண்டேதான் செய்தார். அவள் இருமினாள். கண் பிதுங்கியது. மறுநாளும் அப்படியே. எட்டாம் நாள் காய்ச்சல் கண்டது. கஞ்சி நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார்கள் மருத்துவமனையில். மூக்கில் டியூப், வாயில் டியூப். சுவரொட்டிகளில் 'இஸ்லாமியச் சார்பு' அசையாமல் இருந்தது.

"இன்னும் மாறலயே?" என்று மருத்துவமனை வராந்தாவிலிருந்து சம்யுக்தாவிடம் கேட்டார்.

"பழைய பதிவு நெறைய இருக்குல்ல தோழர், மெதுவாத்தான் எறங்கும். ஆஸ்பத்திரிக்கு உங்க மச்சினர் வந்தா உள்ள விடாதீங்க."

காசிம் மரைக்காயர் வந்தார். தினமும் வந்தார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

பதினேழாம் நாள் காலை ஏழரை மணிக்கு எழில்நங்கை இறந்தாள். நன்மாறன் பக்கத்தில் இல்லை. மீன் அங்காடியில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டை உறைய இரண்டு நாள் இருந்தது.

வேப்பமரத்தடியிலிருந்து கிழவர் எழுந்து வந்தார். இந்தத் தடவை கெஞ்சவில்லை.

"அவளக் குடுத்துடுங்க மச்சான். உம்மா பக்கத்துல எடம் இருக்கு. எங்க மண்ணுல பொறந்தவ, அங்கயே கெடக்கட்டும். உசுரோட இருக்கறப்ப உங்க இஷ்டத்துக்குத்தான இருந்தா?"

நன்மாறன் திரும்பிப் பார்த்தார். நாலடி தள்ளி நின்ற சம்யுக்தா தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டினாள். கபரஸ்தானில் அடக்கம் என்றால் பட்டை இனி ஜென்மத்துக்கும் மாறாது. அவள் சொல்லாமலே அவருக்கு அது விளங்கியது.

"அவ கட்சிக்காரி. மின்மயானத்துலதான்" என்றார்.

கிழவர் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் நடந்து போனார்.

இறப்பைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் ஒரு கணினித் திரையை நகர்த்தி வைத்தார்கள். பேர், வயது, தகப்பனார் பேர், மதம். நன்மாறன் வழக்கம்போல அந்தக் கட்டத்தைத் தாண்டினார். திரை சிவப்பானது.

"அத விட்டா மேல போகாது சார்" என்றார் எழுத்தர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "ஆட்சேப மனு மாதிரி இல்ல, இதுல எல்லாக் கட்டமும் நெரப்பணும். ஏதாச்சும் போடுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

உடம்பு ஓய்ந்திருந்தது. கொள்கை பேசத் தெம்பில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கட்டத்தில் எழுதினார். 'இல்லை.' திரை பச்சையானது. சான்றிதழ் வந்தது.

அலுவலக வாசலிலேயே காத்திருந்த அமரர் ஊர்தி, மயானத்துக்குப் போகும் வழியில் பேருந்து நிலையம் அருகே மெதுவானது. நன்மாறன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சுவரொட்டியில் பட்டை லேசாக நடுங்கியது. பழைய எழுத்து அழிந்து புதிய எழுத்து வந்தது. 'சார்பற்றவர்.'

"மாறிடுச்சு!" என்றார். மனைவியின் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னார். அந்த ஒரு நொடி அவருக்கு ஏற்பட்டது சந்தோஷம். சுத்தமான சந்தோஷம். அதற்கு வேறு பேர் வைத்து அவரைக் காப்பாற்ற முடியாது.

"சொன்னேன்ல தோழர், போகாம இருந்தது பலிச்சிடுச்சு" என்றாள் சம்யுக்தா. கணினியை மடக்கிப் பையில் வைத்தாள். அன்று மாலையே அடுத்த தொகுதிக்குக் கிளம்பிவிட்டாள்.

நன்மாறன் ஜெயித்தார். ஆறாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். மனைவி போன துக்கத்திலும் மக்களைச் சந்தித்தவர் என்று எல்லாத் தொலைக்காட்சியும் பேசியது. 'சார்பற்ற வேட்பாளர் நன்மாறன், சார்பற்ற வேட்பாளர் நன்மாறன்' என்று நாள் முழுக்க அவர் பேர் ஒலித்தது.

முடிவு வந்த மறுநாள் சாயங்காலம் நேரலைப் பேட்டிக்காகத் தொலைக்காட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய பட்டைப் பிரிவிலிருந்து ஹெலன் சுகிர்தா என்ற பெண்ணும் கூட வந்திருந்தாள். நாகர்கோவில்காரி, வாய் ஓயாது. அவருடைய சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டே பேசினாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஒங்க கேஸ நாங்க ஆபீஸ்ல பாடமாவே எடுத்து வெச்சிருக்கோம். புதுசா வாறவங்களுக்குக் காட்டுகதுக்கு."

"என்ன கேஸு?"

"கட்டத்தக் காலியா விட்டா என்ன ஆவும்னு காட்டத்தான். கல்யாணப் பதிவுல அம்மாவுக்கு மதம் காலியா இருந்துதா? காலியா இருந்தா துலாக்கோலு மறைக்காங்கன்னு எடுத்துக்கிட்டு, அவங்க அப்பா பேரப் பாத்துத் தானே நெரப்பிரும். அப்படித்தான் ஒங்க வீடே இஸ்லாமியச் சார்பாப் போச்சு. ஒங்க கட்சியில மத்தவங்க வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு அப்பா பேரும் ஒண்ணுபோல இருந்ததுனால அது கண்டுக்கல. ஆட்சேப மனுவிலயும் நீங்க காலியாவே விட்டிட்டீங்க. பெறவு எப்படி மாறும்? இறப்புச் சான்றிதழுக்கு 'இல்லை'ன்னு எழுதினீங்க பாருங்க, நாலு நிமிஷத்துல மாறிட்டு."

நன்மாறன் அவள் பக்கம் திரும்பினார்.

"பள்ளிவாசல் வாசல்ல நின்னது?"

"அதுவா?" அந்தப் பெண் சிரித்தாள். "இந்த ஊர்ல பாதிப் பேரு அங்க நிக்கவங்கதான சார்! அதெல்லாம் மொதத் தேர்தல்லயே கணக்குலேருந்து எடுத்தாச்சு. நீங்க தெனமும் போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. மனுவுல அந்த ஒத்த வார்த்தைய எழுதியிருந்தா மறுநாளே முடிஞ்சிருக்கும். சும்மா இருபது நாளு டென்ஷனாயிட்டீங்க, பாவம்."

மைக் சரியாகக் குத்தியிருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். நன்மாறன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். எதிரே மூலையில் சக்கர நாற்காலி கிடந்தது. ஒளி விழட்டும் என்று யாரோ ஜன்னல்களை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். மணி ஆறரை.

பாங்கு கேட்டது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று கத்தினாள் ஹெலன் சுகிர்தா. "பாங்கு முடியட்டும். சத்தம் பேட்டியில விழக்கூடாது. சார், அப்படியே இருங்க, அசையாதீங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். நன்மாறன் அசையவில்லை. கண் சக்கர நாற்காலியின் மேலேயே இருந்தது. பாங்கு முடிந்தது. விளக்குகள் எரிந்தன. அறிவிப்பாளர் "சார்பற்ற வேட்பாளராக வென்று..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, கேமராப் பக்கம் திரும்பிக் கையை விரித்தார்.

ஹெலன் சுகிர்தா கேமராவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், வாய மூடுங்க. நேரலை போயிட்டிருக்கு."